புளித்த தீனியும் பூசணம் பிடித்த சோளமும்

தோசைமாவின் பக்குவம் தெரிந்த வீட்டுக்குக் கோழித்தீனியைப் புளிக்கவைக்க யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் மாவு எத்தனை மணிக்குப் பொங்கும், மார்கழியில் ஏன் மந்தமாகும், எந்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கைப்பழக்கம். செகந்திராபாத் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பமும் இதில் சளைத்ததில்லை. சோளத்தையோ கேழ்வரகையோ அம்பலியாகக் காய்ச்சி, இரவெல்லாம் புளிக்கவிட்டு, காலையில் மோரூற்றிக் குடிக்கிற ஊர் ஹைதராபாத். அந்தத் தைரியத்தில்தான் மொட்டைமாடித் தோட்டத்தோடு நாலைந்து கோழிகளும் வளர்ப்பவர்கள் தானியத்தை வாளியில் ஊறப்போட்டு, நுரை தட்டியதும் தட்டில் வைக்கிறார்கள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நம்பிக்கையும் பரவுகிறது. புளித்துவிட்டால் எல்லாம் சுத்தம். லேசாகப் பூசணம் தட்டிய சோளமாக இருந்தாலும் புளிப்பு அதை முறித்துவிடும் என்கிறார்கள். இது தவறு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. பூசணத் தானியம் என்ன செய்யும் என்று நாட்டுக்கே எடுத்துக்காட்டிய ஊரில் இருந்துகொண்டு இப்படி நம்புவது இன்னும் வேடிக்கை.

1974ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர ஆதிவாசிக் கிராமங்களில் மஞ்சள்காமாலையோடு ஒரு நோய் பரவியது. வயிற்றில் நீர் கோத்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வீடுகளில் மிச்சம் மீதி தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்கள். அறுவடை நேரத்து மழையில் நனைந்து, சரியாகக் காயாமலே குதிருக்குப் போன மக்காச்சோளம்தான் வினை. அதில் ஆஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரந்திருந்தது. கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை இருந்ததாகக் கணக்கு. உணவுத் தானியத்தில் இன்று இந்தியா அனுமதிக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். நானூறு முதல் ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம்.

1995இல் அதே நிறுவனத்துக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வந்தது. தெக்காணப் பீடபூமிக் கிராமங்களில் மழையில் நனைந்து கறுத்துப்போன சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சமைத்துச் சாப்பிட்ட ஏழைக் குடும்பங்களுக்கு வயிற்றுவலி, குடல் இரைச்சல், பேதி. சாப்பிடுவதை நிறுத்தியதும் எல்லாம் நின்றது. ஆய்வாளர்கள் அந்த வீடுகளின் தானியத்தை எடுத்துவந்து, பொரித்து ஒரு நாளே ஆன சேவல் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டார்கள். குஞ்சுகளுக்கும் பேதி கண்டது. இந்தத் தடவை நஞ்சின் பெயர் ஃபுமோனிசின். சுரந்தது ஃபியூசேரியம் என்ற வேறொரு பூஞ்சை. பூசணச் சோளம் கோழியை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

பூஞ்சை வேறு, அது விட்டுவிட்டுப் போகும் நஞ்சு வேறு. குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது. தானியத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிவைத்தால் காற்று கிடைக்காமல் பூஞ்சை வளர முடியாது. லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி நீரைப் புளிப்பாக்க ஆக, மற்ற பல கிருமிகளும் அடங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் வயலிலோ மூட்டையிலோ ஏற்கெனவே சுரந்துவிட்ட அஃப்ளாடாக்சின் அப்படியே உட்கார்ந்திருக்கும். வேகவைத்தாலும் போகாத சரக்கு அது. சிலவகை லாக்டிக் பாக்டீரியா அந்த நஞ்சில் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் எந்த வாளியில் எந்த பாக்டீரியா வளரும் என்று யாருக்குத் தெரியும்? அதை நம்பிக் கோழியைப் பலி கொடுக்க முடியாது.

சந்தேகம் இருப்பவர்கள் எத்தனால் ஆலையைப் பார்க்கலாம். மக்காச்சோளத்தையும் நொய்யையும் அங்கே ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, மாவுச்சத்தையெல்லாம் சாராயமாக்கி எடுத்துவிட்டு, மிஞ்சும் சக்கையைக் காயவைத்துக் கோழித்தீவன ஆலைகளுக்கு விற்கிறார்கள். டி.டி.ஜி.எஸ். என்பது அதன் வியாபாரப் பெயர். மாவுச்சத்து போய்விடுவதால் சக்கையில் புரதம் ஏறக்குறைய மூன்று மடங்காகத் திரளும். கூடவே, மூலத் தானியத்தில் நஞ்சு இருந்திருந்தால் அதுவும் மூன்று மடங்காகத் திரளும். ஆலையின் ராட்சதத் தொட்டியில் நடக்கும் நொதித்தலுக்கே முறியாத நஞ்சு, மாடியில் இருக்கும் பெயின்ட் வாளிக்குப் பயந்து ஓடிவிடாது.

பிறகு எதற்காகப் புளிக்கவைக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கும் உறுதியான பதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் கோழி, பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006 ஜனவரி முதல் முற்றாக நிறுத்தியது. அந்தத் தடை நெருங்கி வந்த காலத்திலேயே மாற்றுத் தேடியவர்கள் புளித்த தீவனத்தைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நெதர்லாந்தில் புளித்த தீவனம் தின்ற கறிக்கோழிகளுக்கு சால்மோனெல்லா தொற்றுவது குறைந்தது. டென்மார்க்கில் 16ஆம் வாரம் முதல் 38ஆம் வாரம் வரை முட்டைக்கோழிகளுக்குப் புளித்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்த முட்டை எண்ணிக்கையில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஆனால் கடைசி வாரங்களில் முட்டையின் எடை கூடியது, ஓடு கெட்டிப்பட்டது, அதே அளவு முட்டைக்குத் தீவனம் குறைவாகவே செலவானது. புளித்த தீவனக்காரர்கள் சொல்லாமல் விடுகிற ஒன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. புளித்த தீவனம் தின்ற கூட்டத்தில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்வது அதிகமாகி இறகு கெட்டது. தட்டு குறைவாகவும் கோழி அதிகமாகவும் இருக்கிற மாடிக் கூண்டுகளுக்கு இது முக்கியமான செய்தி.

இன்னொரு ஆதாயம் கண்ணுக்குத் தெரியாதது. தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டிக் அமிலத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. கோழியின் குடலால் அந்தப் பூட்டைச் சரியாகத் திறக்க முடியாது. ஊறிப் புளிக்கும்போது தானியத்திலும் தவிட்டிலும் உள்ள நொதிகள் அதில் ஒரு பங்கைத் திறந்துவிடுகின்றன. செந்நிறச் சோளத்தின் துவர்ப்பும் இதில் குறைகிறது. எல்லாவற்றையும்விடச் சாதாரணமான லாபம் சிந்தாமல் தின்பது. காய்ந்த மாவுத்தீனியைக் கோழி கிளறிக் கிளறித் தரையில் பாதியைக் கொட்டும். ஈரத்தீனி தட்டிலேயே கிடக்கும்.

மஞ்சள் கரு அடர்த்தியாகும் என்று சொல்வதற்கும் புளிப்புக்கும் சம்பந்தமில்லை. அந்த நிறம் மஞ்சள் மக்காச்சோளத்திலிருந்தும் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை போன்ற பச்சையிலிருந்தும் வருகிறது. நோயே அண்டாது என்பது அதைவிடப் பெரிய புளுகு. புறக்கடைக் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல். எத்தனை நாள் புளித்த தீனியும் அதற்குத் தடுப்பு ஆகாது. தடுப்பூசிதான் போட வேண்டும். இங்கேதான் பூசணத் தானியத்தின் இன்னொரு குணம் வெளிப்படுகிறது. அஃப்ளாடாக்சின் கோழியின் ஈரலைக் கெடுப்பதோடு எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும். ஊசி போட்டும் கோழி செத்துப்போனால் மருந்தின்மேல் பழி விழும். தீனி மூட்டையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சரி, வாளிக்கு வருவோம். கோழி ஒன்றுக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீனி போகும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தினம் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே ஊறப்போட்டால் போதும். நொய், உடைத்த மக்காச்சோளம், கம்பு, சோளம் என்று கிடைப்பதைக் கலந்து, மேலே இரண்டு மூன்று விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும்; தானியம் ஊதி மேலே வந்தால் இன்னும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஓரிரவு திறந்துவைத்த தண்ணீரே நல்லது. மே மாதத்தில் ஹைதராபாத் வெப்பம் நாற்பதைத் தாண்டும்போது ஒரு நாளிலேயே புளித்துவிடும். டிசம்பர் குளிரில் மூன்று நாள்கூட ஆகலாம். பழைய ஊறலில் ஒரு கரண்டி எடுத்துப் புதியதில் விட்டால் சீக்கிரம் பிடிக்கும். இட்லிமாவுக்குச் செய்கிற அதே வேலை.

வாடை இளம்புளிப்பாக, நீராகாரம்போல இருந்தால் சரி. சாராய நெடியோ அழுகல் நாற்றமோ வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். மேலே வெண்மையாக மெல்லிய ஆடை படிந்திருந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட்; வழித்தெடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, நீலம் என்று மயிர் முளைத்ததுபோல எது தெரிந்தாலும் வழித்துப் பார்க்கிற வேலை வேண்டாம், முழு வாளியும் போகட்டும். தட்டில் வைத்த ஈரத்தீனியை வெயில் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் விடவும் கூடாது.

கடையில் வாங்கிய முட்டைக்கோழித் தீவனத்தையே அப்படியே ஊறப்போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மாவில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தூளோ கிளிஞ்சல் தூளோ சேர்த்திருப்பார்கள். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் அமிலம் லேசில் ஏறாது, பி.எச். அளவு 4.5 பக்கம் இறங்காத ஊறல் கெட்ட கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தவிர, அந்தத் தீவனத்தில் தனியாகச் சேர்க்கும் லைசின் போன்ற அமினோ அமிலங்களை ஊறலில் வளரும் பாக்டீரியாவே தின்றுவிடும். பன்றிக்குத் திரவத் தீவனம் கொடுத்த ஐரோப்பியப் பண்ணைகள் காசு கொடுத்துக் கற்ற பாடம் இது. அதனால் வெறும் தானியத்தை மட்டும் புளிக்கவைத்து, புண்ணாக்கும் தாது உப்புக் கலவையும் கொடுக்கும் நேரத்தில் பிசைந்து, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதுதான் முறை. ஊறல் தண்ணீரையும் வடித்துக் கொட்டக் கூடாது. கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது. இது பிரியாணி ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மிஞ்சிய பிரியாணியும் ஊறுகாய்ச் சோறும் இந்த வாளிக்குள் போகக் கூடாது. அதிக உப்பு கோழிக்கு ஆகாது.

இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. தானியம் நல்லதா என்று கண்டுபிடிக்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 85 கோடிக் கோழியினங்கள். அதில் 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட 45 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கின்றன. பெரிய பண்ணைக் கோழிகளோ வெறும் 4.5 சதவீதம்தான் கூடின. இந்தப் பெருக்கத்தில் ராஜேந்திரநகர் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்துக்குப் பெரிய பங்குண்டு. வனராஜா, கிராமப்ரியா, ஸ்ரீநிதி எல்லாம் அங்கே உருவான இனங்கள். நாட்டுக்கோழி வருடத்துக்கு ஐம்பது அறுபது முட்டையோடு நிற்கும் புறக்கடையில் வனராஜா நூறைத் தொடுகிறது, கிராமப்ரியா நூற்றைம்பதைத் தாண்டுகிறது. அதிக முட்டையிடும் கோழிக்கு அதிகத் தீனி வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குக் குஞ்சு கொடுக்கும் அரசுத் திட்டங்களில் குஞ்சின் வயதும் எண்ணிக்கையும் மானியமும் துல்லியமாக இருக்கும். தீனி மட்டும் மேய்ச்சலும் வீட்டு மிச்சமும் என்ற அனுமானத்தில் ஓடும். கிராமத்துக்கு அது பொருந்தலாம். மேய்வதற்கு மண்ணே இல்லாத நகரத்தில், தீனி என்றால் கடையில் வாங்கும் மூட்டைதான்.

அந்த மூட்டையின் விலை அவ்வப்போது எகிறுகிறது. 2021இல் சோயாப் புண்ணாக்கு கிலோ நூறு ரூபாயை நெருங்கியதும் மத்திய அரசு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. 2024இல் எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை அள்ளிக்கொண்டுபோக, அதை ஏற்றுமதி செய்துவந்த நாடு நிகர இறக்குமதியாளராக மாறியது. கோழி வளர்ப்புச் செலவில் அறுபத்தைந்து எழுபது சதவீதம் தீவனமே. விலை இப்படி ஏறும்போது மனிதர் மலிவானதைத் தேடுவார். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மழையில் கறுத்த காரிஃப் சோளமும் ஈரம் காயாத மக்காச்சோளமும்தான். பெரிய பண்ணைக்காரர் லாரி இறங்கும்போதே மாதிரி எடுத்துச் சோதிப்பார். நஞ்சை உறிஞ்சும் பென்டோனைட் களிமண்ணைத் தீவனத்தில் கலப்பார். தரமில்லை என்று அவர் திருப்பியனுப்பிய மூட்டையை யாரும் மூசி நதியில் கொட்டிவிடுவதில்லை. சில்லறையாக எங்கோ விலை போகிறது. வாங்குகிறவர் வீட்டில் ஐந்து கோழி இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஓரளவு வழியிருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கட்டணம் கட்டி அஃப்ளாடாக்சின் அளவைச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் டன் கணக்கில் வாங்கும் பண்ணைகளுக்காக ஏற்பட்டது. பத்துக் கிலோ சோளம் வாங்கியவர் அதைச் சோதிக்க அதைவிட அதிகம் செலவழிக்க மாட்டார்.

ஹைதராபாதில் நிலைமை இன்னும் விசித்திரம். நகரத்தை ஒட்டிய பட்டன்செருவில் 1972 முதல் இயங்கும் இக்ரிசாட் நிறுவனம் சோளப் பூசணத்தையும் நிலக்கடலை அஃப்ளாடாக்சினையும் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. 2016இல் இரண்டு டாலருக்கும் குறைந்த செலவில், கால் மணி நேரத்தில் அஃப்ளாடாக்சினைக் காட்டிக்கொடுக்கும் சோதனைப் பட்டையை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். அறிமுகம் செய்தது ஆப்பிரிக்காவில், மலாவியின் நிலக்கடலை விவசாயிகளை மனத்தில் வைத்து. ராஜேந்திரநகரில் கோழி ஆராய்ச்சி இயக்குநரகமும் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமும் கால்நடைப் பல்கலைக்கழகமும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. தார்நாகா ஊட்டச்சத்து நிறுவனம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. உலகத்தில் எந்த ஊரிலும் இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து இந்த ஒரே பிரச்சினையின் பல முனைகளைப் பிடித்திருப்பது அபூர்வம். கோழி வளர்ப்பவரோ மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்து முடிவெடுக்கிறார். அஃப்ளாடாக்சினுக்கு வாசனையே கிடையாது.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் அரசு ஒரு அடி எடுத்துவைத்தது. கோழிகளுக்கு வளர்ச்சி மருந்தாகப் போட்டுவந்த கொலிஸ்டினை 2019 ஜூலையில் தடை செய்தது. தடைக்குப் பிறகு மாற்று என்ன என்று சொல்ல வேண்டிய கடமையும் கூடவே வருகிறது. புளித்த தீனி அந்த மாற்றுகளில் ஒன்று. செலவில்லாதது, ஊருக்குப் பழகியது. அதைச் சொல்லிக்கொடுக்க அம்பலியும் தோசைமாவும் தெரிந்த பெண்களைவிடத் தகுதியான ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள். தெலங்கானாவில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. குழுவுக்கு ஒரு பெட்டி சோதனைப் பட்டை கொடுத்து, உறுப்பினர்கள் சேர்ந்து வாங்கும் தானியத்தில் மூட்டைக்கு ஒன்று என்றில்லாமல் மொத்தக் கொள்முதலுக்கு ஒன்று என்று சோதித்தால் தலைக்கு விழும் செலவு சில ரூபாய்தான். மாதிரி எடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். நஞ்சு மூட்டையெங்கும் சமமாகப் பரவியிருக்காது. ஒரே கைப்பிடியை எடுத்துச் சோதித்தால் ஏமாந்துபோவோம். பல இடத்தில் குத்தி எடுத்து, கலந்து, அரைத்துச் சோதிக்க வேண்டும்.

நாராயணகுடா அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசிக்காகக் கோழியைக் கூடையில் தூக்கிவருபவரிடம் தீனியில் ஒரு பிடியும் கொண்டுவரச் சொல்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது? தெலங்கானாவில் காரிஃப் மக்காச்சோளமும் சோளமும் புரட்டாசி, ஐப்பசி மழையோடு போட்டிபோட்டுக்கொண்டுதான் சந்தைக்கு வருகின்றன. சோதனைப் பட்டைகள் அதற்கு முன்பே மருத்துவமனை அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.